பதினொன்று பத்து வெயில்

சேலம் எருக்கங்காட்டுச் சந்தில் நாலாம் நம்பர் வீட்டுக் கூடத்துக்கு ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் காலை பதினொன்று பத்துக்கு வந்த வெயில் திரும்பிப் போகவில்லை. கூரையிலிருக்கும் ஒற்றைக் கண்ணாடி ஓடு வழியாக இறங்கி, ஒரு பாய் அகலத்துக்குத் தரையில் விழுந்து, எட்டு நிமிடம் இருந்துவிட்டு, சுவரேறிப் போய்விடுவதுதான் அந்த வீடு கட்டிய நாளிலிருந்து அதன் வழக்கம். அன்றைக்கு மட்டும் வந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. மத்தியானம் மேகம் திரண்டு மழை கொட்டியபோதும் எழுந்திருக்கவில்லை, சாயங்காலம் தெருவிளக்கு எரிந்தபோதும் எழுந்திருக்கவில்லை, மறுநாள் காலை பால்காரர் மணியடித்தபோது பார்த்தால் அதே சாய்வில், அதே சூட்டில், அதே பதினொன்று பத்தாகவே இருந்தது. இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்றுதான் சந்துக்காரர்கள் கேட்பார்கள். அவர்கள் கவலை வேறு.

அந்த வெயிலுக்குச் சொந்தக்காரி, அல்லது சொந்தக்காரி என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தவள், கோகிலவாணி. பதினாறு வருடமாகக் கொலுசு செய்கிறாள். மாதிரி போடுவது அவள், கம்பி வளைப்பது அவள், மணி பற்றவைப்பதும் அவள், மெருகு போடுவது மட்டும் புருஷன் மாதேசன். ஆனால் கொக்கியில் விழுகிற முத்திரை கடைவீதி மொத்த வியாபாரியுடையது. ஒருமுறை ஓமலூர் பஸ்ஸில் எதிர் சீட்டுப் பெண்ணின் காலில் தன் மாங்காய்க் கொலுசைப் பார்த்துவிட்டு, "இது நான் செஞ்சதுங்க" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு இறங்கினாள். சொன்னால் அந்தப் பெண் நம்புவதற்கு ஒரு காரணமும் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து காரணம் சொல்லாமல் அழுதாள், மாதேசனும் காரணம் கேட்காமல் காபி போட்டுக் கொடுத்தான்.

அதனால்தான் சென்னையிலிருக்கும் இணைய நகைக்கடை ஒன்று, செய்கிறவர்கள் தங்கள் பெயரிலேயே விற்கலாம் என்று அறிவித்தபோது அவள் விண்ணப்பம் போட்டாள். நாற்பத்திரண்டு ஜோடிக் கொலுசு, ஜோடிக்கு ஒரு படம், பின்னால் வெள்ளை, அடியில் நிழல் கூடாது. முதல் தடவை அனுப்பியதை, "பொருளில் ஆள் தெரிகிறது" என்று திருப்பிவிட்டார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் உண்மைதான், ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு குட்டிக் கோகிலவாணி போனைப் பிடித்துக்கொண்டு நாக்கைக் கடித்தபடி நின்றிருந்தாள். இரண்டாம் தடவை அவள் சேலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு எடுத்தாள், "பொருளில் பேய் தெரிகிறது" என்று எழுதாத குறையாக அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு, பன்னிரண்டு நாள் கெடு, அதுவும் போனால் ஆயுசுக்கும் வியாபாரியின் முத்திரைதான்.

ஸ்டுடியோக்காரர் ஒரு படத்துக்குச் சொன்ன விலையில் ஒரு ஜோடிக் கொலுசே வாங்கிவிடலாம். ஆகவே வாணி இலவச வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளி, ஒரு பைசா செலவில்லாமல் வெளிச்சம் கட்ட உட்கார்ந்தாள். கண்ணாடி ஓட்டுக்குக் கீழே மாதேசனின் கல்யாண வேட்டியைக் கொடியில் விரித்து வெயிலைப் பாலாக்கினாள், பக்கத்து வீட்டு டிவி வந்த பெட்டியின் தெர்மாகோலை இருபுறமும் நிறுத்தினாள், பிரியாணிப் பொட்டலத்து வெள்ளிக் காகிதத்தைக் கழுவி அட்டையில் ஒட்டிப் பின்னாலிருந்து வெளிச்சத்தைத் திருப்பினாள், போன் எட்டிப்பார்க்க மட்டும் போர்வை ஒன்றில் ஓட்டை போட்டாள். எல்லாம் ஆனபிறகும் இடது ஓரம் கொஞ்சம் இருட்டடித்தது. அங்கே நிறுத்த ஒரு வெள்ளைப் பலகை வேண்டும், சுற்றிலும் பார்த்தாள், சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கியது. அதைக் கழற்றி முதுகைத் திருப்பி நிறுத்தினாள், முதுகு நல்ல வெள்ளை, வேலை கச்சிதமாக முடிந்தது.

அங்கேதான் தப்பு நடந்தது. காலண்டர் சுவரைப் பார்த்து நின்றதால் அன்று யாரும் தாள் கிழிக்கவில்லை. எடுப்பதற்கு முன் வாணி எட்டிப்பார்த்தாள், முகப்பில் வியாழக்கிழமை, ராகு காலம் ஒன்றரை முதல் மூன்று என்று இருந்தது. மணி பதினொன்று பத்து. சாமியைக் கும்பிட்டுக்கொண்டு அமுக்கினாள், முதல் ஜோடியின் படம் எடுத்தாயிற்று.

மத்தியானம் பட்டறையிலிருந்து சாப்பிட வந்த மாதேசன், வெளியே மழை பெய்ய உள்ளே வெயிலடிப்பதைப் பார்த்து, ஈரச் சட்டையைக் கழற்றி அதில் உதறிக் காயப்போட்டுவிட்டு, காலண்டரை எடுத்து நேராக மாட்டினான். மாட்டியவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"ஏன் வாணி, இன்னைக்கு என்ன கெழமை?"

"வியாழன்."

"வெள்ளி. பத்தரை பன்னெண்டு ராகு காலம். நட்டநடு ராகு காலத்துலயா ஆரம்பிச்ச?"

"அய்யய்யோ!"

"அதுதான் வெயிலு நின்னுபோச்சு," என்றான் மாதேசன். வெயில் நின்றது பற்றி அந்த வீட்டில் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

மறுநாள் வேலாயுத ஜோசியர் வந்தார். தரையில் குந்தி, வெயிலுக்குள் ஒரு விரலை விட்டு எடுத்து, முகர்ந்து பார்த்து, கணக்குப் போட்டுத் தீர்ப்புச் சொன்னார். அந்தப் பாய் அகலத்துக்குள் எந்நாளும் வெள்ளிக்கிழமை, எந்நேரமும் பதினொன்று பத்து. அதாவது ஓயாத ராகு காலம். "அதுக்குள்ள எதையும் புதுசா ஆரம்பிக்கக்கூடாது. ஆரம்பிச்சா விளங்காது. ஆனா வெளியில ஆரம்பிச்சதை உள்ள வந்து தொடரலாம், தோஷமில்ல," என்றார். வாணி தன் படங்களைப் பற்றிக் கேட்டாள். முதல் படம் தெரியாமல் ஆரம்பித்தது, மீதி நாற்பத்தொன்றும் அதன் தொடர்ச்சி, தாராளமாக எடுக்கலாம் என்றார். அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் வெள்ளி காற்றுப்பட்டால் கறுத்துவிடும் என்பதால் மீதிக் கொலுசுகள் பட்டறையில் மெருகு போடாமல் கிடந்தன, அவை ஒவ்வொன்றாகத் தயாராக ஒரு வாரமாகும். அந்த ஒரு வாரம் போதுமாயிருந்தது சந்துக்கு.

முதலில் வந்தது பூங்காவனம் அக்கா, பக்கத்து வீடு. ஐப்பசி மழையில் வடாம் காயுமா? அவள் வாசலில் ஒரே ஒரு வடாம் பிழிந்து சாஸ்திரத்துக்கு ஆரம்பித்துவிட்டு, மீதி நூற்றுத்தொண்ணூற்றொன்பதை உள்ளே வந்து பிழிந்தாள். அவளைப் பார்த்துப் பள்ளிக்கூடச் சீருடைகள் வந்தன, தாழ்வாரத்தில் ஒருதரம் உதறியதும் ஆரம்பித்ததாகக் கணக்கு. கைக்குழந்தைகள் வந்தன, வாசற்படியில் இரண்டு தட்டுத் தட்டித் தூக்கத்தை ஆரம்பித்துவிட்டு வெயிலில் கிடத்தினார்கள், கொட்டாவி விட்டுக்கொண்டே அவை தொடர்ந்தன. முனையிலிருந்த துணிக்கடைக்காரர் தெருவில் நின்று பாதிக் கன்னம் சவரம் செய்துகொண்டு மீதிக் கன்னத்துக்கு உள்ளே வந்தார், வெளிச்சம் நன்றாயிருக்கிறதாம். துர்க்கைக்கு ராகு காலத்தில் எலுமிச்சை விளக்கேற்றும் பெண்களுக்கோ வேலைக்கு லீவு போடுகிற தொல்லையே விட்டது, எப்போது போனாலும் வெள்ளிக்கிழமை. எலுமிச்சைத் தோலில் நெய் எரிகிற வாசமும் வடாம் வாசமும் குழந்தை வாசமும் கலந்து கூடம் ஒரு திருவிழா மாதிரி ஆயிற்று, வரிசை குலையாதிருக்க யாரோ வெயிலைச் சுற்றி சாக்பீஸ் கோடு போட்டார்கள்.

பிறகுதான் ஜனங்களுக்கு மூளை வேலை செய்தது. உள்ளே ஆரம்பித்தது விளங்காது என்றால், விளங்கக்கூடாத காரியங்களை ஆரம்பிக்க இதைவிட நல்ல இடம் எது? ஒரு மாமியார் வந்து இறங்கியதும் மருமகள் அவள் பெட்டியை நேராக வெயிலில் கொண்டுவந்து வைத்தாள், கிழவி மூன்றாம் நாள் கிளம்பிவிட்டாள். கோபத்தை அடக்கமுடியாத புருஷன் பெண்டாட்டிகள் சண்டையை வீட்டில் தொடங்காமல் கஷ்டப்பட்டுப் பொத்தி எடுத்துவந்து இங்கே ஆரம்பித்தார்கள், நாலாவது வார்த்தையில் அது நமத்துப்போயிற்று. வீட்டுக்காரர் சடையப்பன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, வாடகைப் பத்திரத்துல வீடு இருக்குது, கெணறு இருக்குது. வெயிலுன்னு எங்கயாச்சும் இருக்குதா?"

"நான் கூப்புட்டா வந்துச்சு?" என்றாள் வாணி.

"அப்ப வெயிலு என்னுது. நான் கோர்ட்டுக்குப் போவேன்," என்று அவர் ஆவேசமாகச் சொன்னபிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று குனிந்து பார்த்தார். கால் இரண்டும் வெயிலுக்குள். அந்த வழக்கு அன்றோடு முடிந்தது.

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது மாதேசன் முதல் ஐந்து ஜோடியை மெருகு போட்டுக் கொண்டுவந்தான். வாணி சிரித்த முகமாகத்தான் கேட்டாள், கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள் என்று. எல்லாரும் சிரித்த முகமாகவே அரை அடி தள்ளினார்கள். "ஒரே நிமிசந்தான் கண்ணு, இதோ காஞ்சிரும்," என்றாள் பூங்காவனம். இடித்துப் பிடித்து, வேட்டிக்கும் வடாத்துக்கும் நடுவே ஐந்து படம் எடுத்து, சரியாயிருக்கிறதா என்று கேட்டு அனுப்பினாள். நகைக்கடையில் படம் பார்க்கும் பெண் ரேஷ்மா உடனே கூப்பிட்டாள்.

"மேடம், மூணாவது படத்துல, இடதுபக்கத்து மணியில ஒருத்தர் ஷேவ் பண்றார்."

"அப்படிங்களா?"

"அதுக்கடுத்த மணியில ஒரு குழந்தைக்கு டயப்பர் மாத்துறாங்க. இதை ஃபைனலா அனுப்பிடாதீங்க மேடம், ரிஜெக்ட் ஆயிடும். உங்க டிசைன் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, அதான் சொல்றேன்."

பிடித்திருக்கிறது என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்ததா இல்லையா என்று நிதானிப்பதற்குள் கூடத்தில் ஒரு சத்தம். பூங்காவனம் சாக்பீஸ் கோட்டைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். வெயில் கோட்டைவிட்டு நகர்ந்திருந்தது. ஜோசியர் ஓடிவந்து விரல் வைத்து அளந்தார், சரியாக ஐந்து விரற்கடை. படத்துக்கு ஒரு விரற்கடை.

"புரிஞ்சுபோச்சு," என்றார் ஜோசியர். "இந்தப் பிள்ளை ஆரம்பிச்ச வேலை முடியத்தான் வெயில் காத்துக்கிட்டு நிக்குது. ஒவ்வொண்ணா எடுக்க எடுக்க நகரும். சுவத்துல ஏறுச்சுன்னா அவ்வளவுதான், போயிரும்." பிறகு சுவர்வரைக்கும் அளந்தார். நாற்பத்தொரு விரற்கடை இருந்தது. வாணிக்கு வேண்டிய படமும் நாற்பத்தொன்று, வீணாய்ப்போன ஐந்தையும் சேர்த்து. ஒன்றுகூடத் தப்பக்கூடாது, இரண்டாந்தரம் எடுக்க இடமில்லை.

சந்து மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. வாணி சொல்லிவிட்டாள்.

"நான் எடுக்கத்தான் போறேன்."

"எடுத்தா வெயிலு போயிருமே?"

"போவட்டும். பதினாறு வருசமா செய்யுறேன்க்கா, ஒரு கொலுசுலயாச்சும் எம்பேரு இருக்குதா? எம்மேல கோவிச்சுக்கிட்டாலும் சரி. எடுக்கத்தான் போறேன்."

உடனே எதிர்ப்பு மூண்டது, சாதாரண எதிர்ப்பில்லை. குழந்தைகளுக்கு யார் பதில் சொல்வது என்றாள் ஒருத்தி, பாதி காய்ந்த வடாத்தை என்ன செய்வது என்றாள் பூங்காவனம், துர்க்கை சும்மா விடமாட்டாள் என்றார்கள் விளக்குக்காரிகள், போனைப் பிடுங்கி வை என்றார் துணிக்கடைக்காரர். சடையப்பன் தலைமையில் ஒரு கமிட்டியே போட்டுவிட்டார்கள், தீர்மானம் எழுதக் காகிதம் வந்தது, பேனா வந்தது, முதல் கையெழுத்தைப் போடச் சடையப்பன் குனிந்தார். அப்போதுதான் ஜோசியர் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார்.

"ஒண்ணு சொல்லலாங்களா? இந்த எதிர்ப்பை எங்க ஆரம்பிச்சீங்க?"

எல்லாரும் குனிந்து காலடியைப் பார்த்தார்கள். வெளியே மழை வெளுத்துவாங்கியது. நனைய மனமில்லாமல் அத்தனை பேரும் வெயிலுக்குள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"விளங்காதுங்க," என்றார் ஜோசியர் வருத்தத்தோடு. "வெளிய நின்னு ஆரம்பிச்சிருக்கணும்."

வெளியே போய் மறுபடி ஆரம்பித்தால் என்ன என்று துணிக்கடைக்காரர் கேட்டார். ஒருதரம் ஆரம்பித்ததை இரண்டாந்தரம் ஆரம்பிக்க முடியாது, அது தொடர்ச்சி என்றாகிவிடும் என்று ஜோசியர் சொன்னார். சட்டம் சட்டம்தான், அவர்களே மூன்று வாரமாக ஒப்புக்கொண்டு நடந்த சட்டம். இல்லை, மூன்று வாரமில்லை, ஒன்பது நாள்தான், ஆனால் அவர்களுக்கு மூன்று வாரம்போல் பழகியிருந்தது. சடையப்பன் பேனாவை மூடினார். எதிர்ப்பு விளங்கவில்லை.

விளங்காத எதிர்ப்புக்குப் பிறகு ஜனங்கள் என்ன செய்வார்கள்? கூடமாட ஒத்தாசை செய்வார்கள், வேறு வழி தெரியாது. கெடு முடிகிற புதன்கிழமை காலையில் மாதேசன் நாற்பத்தொரு ஜோடியையும் மெருகு போட்டு வெல்வெட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். வாணிக்கு ஒரே பிரச்சினைதான், சுற்றி ஆளிருந்தால் மணிக்குள் ஆள் தெரியும், ஆளை வெளியே போகச் சொன்னால் மழை. அவள் யோசித்தாள். வீட்டில் இருந்ததை வைத்தே வெளிச்சம் கட்டியவளுக்கு அதைவிடப் பெரிய யோசனை வருவது கஷ்டமா என்ன?

"அக்கா, எல்லாரும் வெள்ளை கட்டிக்கிட்டு வாங்க," என்றாள்.

வேட்டி, படுக்கை விரிப்பு, கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாண கவுன், டாக்டருக்குப் படிக்கிற பெண்ணின் கோட்டு, மாவு மூட்டைத் துணி, பந்தல்காரரின் கூடாரத் துணி என்று சந்து முழுக்க வெளுத்துக்கொண்டு வந்து, வெயிலைச் சுற்றித் தோளோடு தோளாக நின்றது. தலையைக் குனிந்து முகத்தையும் வெள்ளைக்குள் புதைத்துக்கொண்டார்கள். வாணி போன் வழியாகப் பார்த்தாள். ஆள் தெரியவில்லை, பேய் தெரியவில்லை, மணிக்குள் பால் நிரம்பியிருந்தது. ஆனால் ஒரு குறை. எல்லாம் வெள்ளையாகப் போனதால் கொலுசும் வெள்ளைக்குள் கரைந்தது, விளிம்பே இல்லை. வெள்ளிக்கு ஓரத்தில் கறுப்பு வேண்டும், அப்போதுதான் அது வடிவாகத் தெரியும், அந்தப் பாடத்தை அவள் ஒரு வீடியோவில் பார்த்திருந்தாள்.

"குடையிருக்கா?"

ஐப்பசியில் குடைக்கா பஞ்சம்! இரண்டு ஓரத்திலும் ஆளுக்கொரு கறுப்புக் குடையை மடக்கிப் பிடித்து நிறுத்தினார்கள். கொலுசின் ஒவ்வொரு வளைவிலும் மயிரிழைக் கோடு ஒன்று எழுந்தது, மாங்காய் மாங்காயானது, மணி மணியானது.  இப்படி ஓர் அழகைத் தன் கையா செய்தது என்று வாணிக்கே நம்பமுடியவில்லை.

ஒன்று எடுத்தாள், வெயில் ஒரு விரற்கடை நகர்ந்தது, சந்தும் ஒரு விரற்கடை நகர்ந்தது. இரண்டு எடுத்தாள், மூன்று எடுத்தாள், ஒவ்வொன்றுக்கும் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்து விட்டார்கள், குழந்தைகள்கூட அழுவதை அமுக்குகிற சத்தத்துக்குப் பிறகு வைத்துக்கொண்டன. இருபதாவதில் துணிக்கடைக்காரருக்குக் கால் மரத்தது, அசையவில்லை. முப்பதாவதில் பூங்காவனத்தின் வடாம் தட்டு நிழலுக்குள் போனது, அவள் அதைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. நாற்பதாவதில் வெயில் சுவரின் காலடியில் ஒற்றை விரல் அகலத்துக்கு ஒடுங்கி நின்றது. கடைசி ஜோடியை வைத்தாள், குனிந்தாள், அமுக்கினாள், அமுக்கிய அரை நொடியில் சடையப்பன் வீடதிரத் தும்மினார்.

குடைகள் சரிந்தன, வெள்ளையெல்லாம் குலைந்தது. எல்லாரும் ஜோசியரைப் பார்த்தார்கள். "தும்மல் ஆரம்பத்துலதான் தோஷம், முடிவுல இல்ல," என்றார் அவர். வாணி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தும்மல் அதில் இல்லை.

வெயில் சுவரில் ஏறியது. பன்னிரண்டு நாள் பாக்கியிருந்த அவசரத்தில் எட்டு நிமிட வழியை எட்டு விநாடியில் கடந்து, கண்ணாடி ஓடு வழியாக வெளியேறி, மழைக்குள் எங்கேயோ போயிற்று. கூடம் திடீரென்று புதன்கிழமை ஆனது. பாதி ஈரத்தில் நின்ற சீருடைகளையும் அணைந்த எலுமிச்சைத் தோல்களையும் பொறுக்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். பூங்காவனம் வெள்ளைச் சேலையை அவிழ்த்து மடித்து, நமத்த வடாத்தைத் தட்டோடு தூக்கிக்கொண்டு, வாணியிடம் ஒரு வார்த்தை பேசாமல் வெளியேறினாள். அது வாணிக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்தாலும் நாலே முக்காலுக்குப் படங்களை அனுப்பிவிட்டாள்.

மறுநாள் ரேஷ்மா கூப்பிட்டாள். "எல்லாம் ஓகே மேடம், நாற்பத்திரண்டும். லைட்டிங் செம. பிராண்ட் பேரு என்ன போடட்டும்?"

"கோகிலவாணி."

"அது உங்க பேரு மேடம். பிராண்ட் பேரு?"

"அதேதாங்க."

கடை திறந்த அன்றே ஒரு ஆர்டர் வந்தது. வாங்குகிறவர் முகவரியைக் கடை சொல்லாது, கூரியர்காரர்தான் ஒட்டுவார், வாணி பொட்டலம் மடித்து அனுப்பினாள். அந்தப் பொட்டலம் கூரியர் வண்டியேறி ஓசூர் போய், அங்கிருந்து வழிதவறி மதுரை போய், கோவையில் இரண்டு நாள் இருந்துவிட்டு, ஏழாம் நாள் எருக்கங்காட்டுச் சந்துக்குள்ளேயே வந்து, மூன்றாம் நம்பர் வீட்டில் இறங்கியது. அந்த ஏழு நாளும் பூங்காவனம் வாணியோடு பேசவில்லை, குழாயடியில் பார்த்தாலும் குடத்தைப் பார்த்தாள்.

அன்று மழையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, பொட்டலத்தை மாராப்புக்குள் மறைத்தபடி, பூங்காவனம் நாலாம் நம்பர் வாசலில் வந்து நின்று, அதை வெளியே எடுத்துக் காட்டினாள்.

"ஏங்க்கா, பக்கத்துச் சுவருதானே? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே!"

"நீ குடுத்தா எப்படி?" என்றாள் பூங்காவனம், இன்னும் கோபம் தீராத குரலில். "மருமவ போன்ல சொல்லித்தான் வாங்குனேன். பிரிக்கல. இந்தா, மேல என்னமோ அச்சடிச்சிருக்குது. எனக்குப் படிக்கத் தெரியாது, நீ படி."

வாணி வாங்கிப் பார்த்தாள். மதுரை முத்திரைக்கும் கோவை முத்திரைக்கும் நடுவே, கொஞ்சம் நனைந்து, கறுப்பு எழுத்தில் இருந்தது. உதட்டுக்குள்ளேயே படித்தாள்.

"சத்தமா படி கண்ணு," என்றாள் பூங்காவனம். "சந்துக்கே கேக்கட்டும்."

"கோகிலவாணி," என்று படித்துவிட்டு, வாசலிலேயே நின்று, காரணத்தோடு அழுதாள்.